முதிய பெரற்றின் மண்ணீரல் வீக்கம்

இலண்டனில் வாழும் எம் பழைய மாணவரொருவர் சென்ற ஆண்டு எனக்கொரு கடிதம் வரைந்தார். அவர் வீட்டிலே ஐந்து வயதுப் பெரற் ஒன்றுண்டு. அதன் வயிற்றின் இடப்பக்கத்தே தடித்த பொருளொன்று கைக்குத் தட்டுப்பட, மண்ணீரல் பருத்திருக்கின்றது என்றனர் விலங்கு வைத்தியர். அதனை நாள் முழுதும் மடியில் வைத்திருப்பவர் மாணவரின் தாயார், ஆங்கிலம் அறியார். வயிற்றிற் கட்டியென்று கேட்டதும் உணவை வெறுத்து அழுதிருந்தாராம். அவருக்கு விளங்கும் தமிழில் எழுதுக என்பதே மாணவர் வேண்டுகோள். மருத்துவம் என் துறையன்று. ஆயினும் நூல்களிற் கற்றறிந்து எழுதியதன் சாரம் இது.

பெரற் தோற்றத்திற் கீரியை ஒத்ததாயினும் கீரிக் குலத்ததன்று, நீர்நாயின் குலத்தது. ஐரோப்பியர் 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே முயல்வேட்டைக்குப் பழக்கிய பிராணி. ஆயுள் பெரும்பாலும் 6 முதல் 8 ஆண்டுகள். ஆதலின் நான்கு வயதிலேயே முதுமை தொடங்கிவிடும்.

மண்ணீரல் பழுதுற்ற செங்குருதிக் கலங்களை அகற்றுவது. கருவிலிருக்குங் காலத்து அது குருதிக் கலங்களை ஆக்கவுஞ் செய்யும். பிறந்தபின் அத்தொழிலை என்பு மச்சை ஏற்றுக்கொள்ளும். பெரற்றின் மண்ணீரலோ பழைய தொழிலை எளிதில் மறப்பதில்லை. உடலில் நெடுநாட் பிணி ஏதேனும் இருப்பின், மீண்டும் குருதிக் கலங்களை ஆக்கத் தொடங்கிப் பருக்கும். முதிய பெரற்றுகளில் இவ்வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. ஏறக்குறைய 5 சதமமீற்றர் நீளமுள்ள இவ்வுறுப்புப் பன்மடங்கு பருத்தும், பிராணி உண்டு விளையாடித் திரிவதுண்டு.

ஆகவே ஆராயவேண்டியது மண்ணீரலைத் தூண்டிய பிணி யாது என்பதே. சதையியில் இன்சுலினை மிகையாய்ச் சுரக்கும் கட்டி முதிய பெரற்றுகளில் மிகுதி. பின்கால்கள் தள்ளாடுதல், எச்சில் வடிதல், வெறித்த பார்வை என்பன அதன் குறிகள். வாலிலிருந்து மயிர் உதிர்தல் அதிரீனற் சுரப்பியின் நோயைக் காட்டும். இருதய நோயும் இரைப்பைப் புண்ணுங்கூடக் காரணமாதல் உண்டு.

புற்றுநோய் இல்லையெனச் சோதியாது கூறவியலாது. ஒலியலைப் படம் பிடித்தும், நுண்ணிய ஊசியாற் சில கலங்களை எடுத்து நோக்கியும் வைத்தியர் தெளிவர். இங்கே ஒரு வேடிக்கை: மயக்க மருந்து கொடுத்தால் இப்பிராணியின் செங்குருதிக் கலங்கள் மண்ணீரலிற் சென்று ஒதுங்கிவிடும், அந்நேரம் எடுத்த குருதியிற் சோகை இல்லாவிடினும் இருப்பதாகத் தோன்றும்.

அறுத்து நீக்குவது எல்லோர்க்கும் உரிய வழியன்று. புற்று, உட்குருதிப் பெருக்கு, மண்ணீரலே நற்கலங்களை அழித்தல், பருமனால் உண்ணவும் நடக்கவும் இயலாமை என்னும் நிலைகளில் அது வேண்டப்படும். மற்றை வேளைகளில் மூலப்பிணிக்கே மருந்து. பருத்த மண்ணீரல் அடிபட்டாற் கிழியக்கூடும். ஆதலின் வயிற்றை அமுக்காது இரு கையாலும் ஏந்துதல் வேண்டும், உயரத்தில் ஏறவிடலாகாது. ஈறு வெளிறிச் சோர்ந்து விழுந்தால் அக்கணமே வைத்தியரிடம் கொண்டுசெல்க.

அவ்வீட்டுப் பெரற்றுக்குப் புற்று இல்லை. குருதியிற் சீனி குறைவென்று கண்டு மருந்து கொடுக்கின்றனர். மண்ணீரல் இருந்தபடியே இருக்கின்றது. தாயார் இப்போது மடியிற் சிறு தலையணை ஒன்றை இட்டு அதன்மேல் அதனைக் கிடத்துகின்றாராம்.