காய்ச்சல் தணிந்தும் களைப்பு தணியாதது ஏன்?

காய்ச்சல் விட்டுப் பல வாரங்களாகியும் மாடிப்படி ஏற இயலவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்று கூறுவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வீட்டார் சிலர் இதைச் சோம்பல் என்றோ மனவலிமைக் குறைவு என்றோ எண்ணிவிடுகின்றனர். இரண்டும் அல்ல.

வைரசை எதிர்க்க நமது உடல் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கிறது. அவை மூளையையும் எட்டி, உடலை ஓய்வில் இருத்துகின்றன. காய்ச்சலின்போது பசியும் பேச்சும் பிடிக்காமற்போவது இதனால்தான். கோவிட், டெங்கு, சிக்குன்குனியா போன்ற நோய்களுக்குப் பின் சிலருக்கு இந்த எதிர்வினை விரைவில் அடங்குவதில்லை.

இப்புரதங்களுள் ஒன்று இன்டர்ஃபெரான். முன்னர் ஹெபடைடிஸ் சி நோய்க்கு அதை ஊசி மருந்தாகச் செலுத்தியபோது, பலருக்குக் கடுங்களைப்பும் சிலருக்கு மனச்சோர்வும் உண்டாயின. மனநிலை உடலின் வேதியியலோடு பிணைந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே, களைப்பு மேலிடும் முன்பே ஓய்வெடுங்கள். வேலைகளைப் பகுத்துச் செய்யுங்கள். உழைத்த மறுநாள் சோர்வு மிகுந்தால் அளவைக் குறையுங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு ஆகியவையும் களைப்பைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நன்று. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீட்டாருக்கு எமது வேண்டுகோள் ஒன்றே: "எழுந்து நடமாடினால் சரியாகிவிடும்" என்று வற்புறுத்தாதீர்கள். அவர் கூறும் களைப்பை நம்புங்கள்.