பிரதியும் அதே மேசையில் இருந்தால்

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாகும். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியலும் கூட்ட அறிக்கையும் சந்தாக் கணக்கும் கணினியில் மட்டுமே உள்ள கமக்காரர் அமைப்பில், அந்தக் கணினி பழுதானால் பங்குத் தகராறில் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. 2009 போரில் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து வந்த வன்னிச் சனங்களுக்கு இது புதிதல்ல. வேறிடத்தில் பதிவு இருந்தவர்களுக்கே மறுபிரதி கிடைத்தது. மற்றவர்கள் அலைந்தார்கள்.

வேறிடத்தில் என்பதுதான் விஷயம். அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கிய லங்கா அரச மேகக் கட்டமைப்பு 2023 ஆகஸ்டில் பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு மீளவில்லை. அங்கே காப்புப் பிரதி எடுக்காமல் விடவில்லை. இணைப்பிலேயே இருந்த பிரதியையும் தாக்குதல் பூட்டிவிட்டது, இணைப்புக்கு வெளியே அந்தக் காலத்துக்கான பிரதி இருக்கவில்லை. பாதிக்கப்பட்டவற்றில் ஒன்றான அமைச்சரவை அலுவலகத்துக்கே இந்தக் கதி. 'எங்கட சின்ன அலுவலகத்தை யார் தாக்கப் போகிறார்கள்' என்பார்கள். தாக்க ஆள் வேண்டியதில்லை, மழை போதும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது தாழ்ந்த பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மேசையில் கணினியும் லாச்சியில் பென்ட்ரைவும் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும்.

நினைவு வரும்போது கையால் பிரதி எடுக்கிறோமே, தானாக எடுக்கும் மென்பொருள் எதற்கு? விதைப்புக் காலத்தில் அந்த நினைவு வராது. பட்டியல் அதிகம் மாறுவதும் அப்போதுதான். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி கூடவே வருகிறது, டூப்ளிகாட்டி என்ற மென்பொருள் இலவசம். முதல் தடவை முழுவதையும், பிறகு மாறியதை மட்டும் எடுப்பதால் டேட்டாச் செலவும் குறைவு. கூகுள் ட்ரைவ் இருக்கிறதே என்றால், அது முதன்மையாக ஒத்திசைவு: இங்கே கோப்பு அழிந்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள் மட்டும் கிடக்கும். ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வெளி வன்தட்டைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, பிரதி எடுத்ததும் கழற்றி, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பாருங்கள். 2017 ஜனவரியில் கிட்லாப் நிறுவனம் தரவை இழந்தபோது, வைத்திருந்த ஐந்து காப்பு வழிகளில் ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை.

அரச அலுவலகம் ஒன்று 'கணினி பழுது, பதிவு இல்லை' என்று கைவிரித்தால் சும்மா திரும்ப வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பகிரங்க அதிகாரசபைகள் புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் பேண வேண்டும் என்கிறது. எழுத்தில் விண்ணப்பியுங்கள், மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். உங்கள் கணினியே பூட்டப்பட்டால் பணயப் பணம் கட்டாதீர்கள். இணையத்தைத் துண்டித்து, கணினி அவசர உதவிக் குழுவான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழைத்து, பொலிஸில் முறையிடுங்கள்.