போர்க்குற்றங்களுக்கு ஒரு நிரந்தர நீதிமன்றம்: ஓயாத வழக்கு

போர்க்குற்றங்களை விசாரிக்க நாடுகளுக்கு மேலான ஒரு நீதிமன்றம் வேண்டும் என்ற யோசனை 150 ஆண்டுப் பழமையானது. செஞ்சிலுவைச் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான குஸ்தாவ் மோய்னியே 1872-இல் அதை முன்வைத்தார். பிரான்சும் பிரஷ்யாவும் மோதிய போரில் ஜெனீவா ஒப்பந்தம் மீறப்பட்டதே அவரை அப்படி யோசிக்க வைத்தது. எந்த அரசும் அன்று செவிசாய்க்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை விசாரிக்க வேண்டும் என்று வெர்சாய் ஒப்பந்தம் சொன்னது. அவருக்கு அடைக்கலம் தந்திருந்த நெதர்லாந்து ஒப்படைக்க மறுத்ததால், அதுவும் ஏட்டோடு நின்றது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூரம்பெர்க்கிலும் டோக்கியோவிலும் விசாரணைகள் நடந்தன. நியூரம்பெர்க்கின் முதன்மை வழக்கில் 22 பேருக்குத் தீர்ப்பு கூறப்பட்டது. 12 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு விடுதலை. ஆனால் வென்றவர்களே நீதிபதிகள். அவர்கள் செய்த குண்டுவீச்சுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. டோக்கியோவில் அமர்ந்த இந்திய நீதிபதி ராதாபினோத் பால் இந்தக் காரணத்தையும் எழுப்பி, குற்றம்சாட்டப்பட்ட அனைவரும் நிரபராதிகளே என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

பாரபட்சமில்லாத நிரந்தர நீதிமன்றம் ஒன்றுக்கான வரைவை ஐ.நா. 1950-களிலேயே தயாரித்தது. பனிப்போர் அதைக் கிடப்பில் போட்டது. 1990-களில் யூகோஸ்லாவியாவிலும் ருவாண்டாவிலும் நடந்த படுகொலைகளுக்காக ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் இரண்டு தற்காலிகத் தீர்ப்பாயங்களை அமைத்தது. எந்தப் படுகொலைக்குத் தீர்ப்பாயம், எதற்கு இல்லை என்பதை அந்தக் கவுன்சிலே முடிவு செய்தது. அதில் வீட்டோ அதிகாரம் கொண்ட ஐந்து நாடுகள் தங்களுக்கோ நண்பர்களுக்கோ எதிராக அப்படி ஒன்றை அமைக்க விடமாட்டா. நிரந்தர நீதிமன்றத்தை ஆதரித்தவர்களின் முதன்மை வாதம் இதுதான்.

1998 ஜூன் 15 அன்று அதை நிறுவுவதற்கான மாநாடு ரோமில் தொடங்கியது. குற்றங்களைத் தண்டிக்க வேண்டுமா என்பதில் அங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வழக்கைத் தொடங்கும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் இழுபறி. பாதுகாப்பு கவுன்சிலின் பிடியில் நீதிமன்றம் இருக்க வேண்டும் என்றது அமெரிக்கா. தானாக வழக்கெடுக்கும் சுதந்திரம் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநருக்கு வேண்டும் என்றன பல சிறிய, நடுத்தர நாடுகள். கடைசி நாளான ஜூலை 17 அன்று இந்தியா ஒரு திருத்தம் கொண்டுவந்தது: அணு ஆயுதப் பயன்பாடு போர்க்குற்றமாக வேண்டும், பாதுகாப்பு கவுன்சிலுக்குத் தனிச் சலுகை கூடாது. இந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளவே வேண்டாம் என்று நார்வே முன்மொழிய, சபை அதை ஏற்றது. நூலிழை பிரிந்தாலும் மொத்த உடன்பாடும் கலைந்துவிடும் என்ற அச்சம் அப்போது நிலவியது. நீதிமன்றத்தை நிறுவும் ரோம் சாசனத்துக்கு ஆதரவாக 120 வாக்குகள், எதிராக 7. அமெரிக்கா, சீனா, இஸ்ரேல் ஆகியவை எதிர்த்தன. இந்தியா உள்ளிட்ட 21 நாடுகள் வாக்களிக்கவில்லை.

60 நாடுகள் ஒப்புதல் தந்தபின், 2002 ஜூலை 1 அன்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உயிர்பெற்றது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்பு ஆகிய நான்குமே அதன் வரம்பு. நாடுகளுக்கு இடையிலான தகராறுகளைத் தீர்க்க அதே நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் வேறு. குற்றவியல் நீதிமன்றமோ தனிமனிதர்களை விசாரிப்பது. 18 நீதிபதிகள், மரண தண்டனை கிடையாது. ஒரு நாட்டின் சொந்த நீதிமன்றம் நேர்மையாக விசாரித்தால் இது தலையிடாது.

வழக்கு இங்கே வர, உறுப்பு நாடு ஒன்றின் மண்ணில் குற்றம் நடந்திருக்க வேண்டும்; அல்லது செய்தவர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். உறுப்பினராகாத நாடு தானே முன்வந்து அதிகாரத்தை ஏற்கலாம். இல்லையெனில் பாதுகாப்பு கவுன்சில் அனுப்ப வேண்டும். தன் சிப்பாய் வேறொரு நாட்டில் செய்த செயலுக்கும் வழக்கு வரலாம் என்பது அமெரிக்காவின் ஆட்சேபம். அதனால் தன் குடிமக்களை ஒப்படைக்கமாட்டோம் என்ற உறுதியைப் பல நாடுகளிடம் வாங்கியது. 2002 டிசம்பரில் இந்தியாவும் அப்படி ஓர் ஒப்பந்தம் செய்தது.

குற்றம் நடந்த மண் பற்றிய விதி யாருக்குக் கதவு திறக்கும் என்பதற்கு இரண்டு அண்டை உதாரணங்கள் உண்டு. மியான்மர் உறுப்பினர் அல்ல. ஆனால் விரட்டப்பட்ட ரோஹிங்கியாக்கள் எல்லை தாண்டி நுழைந்த வங்கதேசம் உறுப்பினர். குற்றத்தின் ஒரு பகுதி வங்கதேச மண்ணில் நிகழ்ந்தது என்று கொண்டு விசாரணைக்கு 2019-இல் அனுமதி கிடைத்தது. இலங்கையும் உறுப்பினர் அல்ல. 2009 இறுதிப் போர் பற்றிய குற்றச்சாட்டுகளில் குற்றம் நடந்த இடமாகச் சொல்லப்படுவது அதன் சொந்த மண். ஆகவே அந்த அரசு சம்மதித்தோ, பாதுகாப்பு கவுன்சில் அனுப்பியோதான் அவை தி ஹேக் போய்ச் சேர முடியும். சிரியா தொடர்பான வழக்கை அப்படி அனுப்ப 2014-இல் நடந்த முயற்சியை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோவால் தடுத்தன.

நீதிமன்றம் ஆப்பிரிக்கர்களை மட்டுமே குறிவைக்கிறது என்ற குறை நெடுநாள் ஒலித்தது. முதல் தண்டனை, சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்திய காங்கோவின் தாமஸ் லுபாங்காவுக்கு 2012-இல் விதிக்கப்பட்டது: 14 ஆண்டு சிறை. உகாண்டா, காங்கோ, மாலி போன்றவை தாங்களே வழக்கை ஒப்படைத்தவை என்பது மறுதரப்பின் பதில். ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதல் விசாரணை 2016-இல்தான், ஜார்ஜியா தொடர்பாகத் தொடங்கியது.

நீதிமன்றத்துக்குச் சொந்தக் காவல்துறை இல்லை என்பதே பெரிய பலவீனம். 2015 ஜூனில் சூடான் அதிபர் ஒமர் அல்-பஷீர் தென்னாப்பிரிக்கா போனபோது பிடிவாரண்ட் நிலுவையில் இருந்தது. அவர் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று பிரிட்டோரியா நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே விமானப்படைத் தளம் ஒன்றிலிருந்து அவர் பறந்துவிட்டார். ரஷ்ய அதிபர் புதினுக்கு 2023-இலும், இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கு 2024-இலும் வாரண்ட் பிறந்தது. மங்கோலியா புதினையும், ஹங்கேரி நெதன்யாகுவையும் உறுப்பு நாடுகளாக இருந்தும் வரவேற்றன. நீதிமன்ற அதிகாரிகள் மீது அமெரிக்கா பொருளாதாரத் தடைகள் விதித்தது. ஹங்கேரி விலகுவதாக அறிவித்தது.

ஆனால் விலகல் பழைய கணக்கைத் தீர்த்துவிடாது. உறுப்பினராக இருந்த காலத்துக் குற்றங்கள் நீதிமன்றத்தின் கைக்கு எட்டுபவையே. பிலிப்பைன்ஸ் 2019-இல் வெளியேறியது. போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளுக்காக, அதற்கு உத்தரவிட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட முன்னாள் அதிபர் ரொட்ரிகோ டுட்டெர்ட்டேவை பிலிப்பைன்ஸ் காவல்துறை 2025 மார்ச்சில் கைதுசெய்து, மறுநாளே தி ஹேக் சேர்த்தது. இந்தக் கைது நடந்ததற்குக் காரணம், அந்த நாட்டின் புதிய அரசு ஒத்துழைக்க மறுக்கவில்லை என்பது. பிடித்துக்கொடுக்கும் விருப்பம் உள்ளூர் அரசுக்கு இருக்கும் இடத்தில்தான் சாசனத்தின் விதிகள் இதுவரை வேலை செய்திருக்கின்றன.