ஈயத் தகட்டுக்குள் 613 ஆண்டுகள்!

இறந்து 600 ஆண்டுகளுக்கு மேல் ஆன ஒரு மனிதரின் உடலை டாக்டர்கள் அறுத்துப் பரிசோதித்தார்கள். அவர் எப்படி இறந்தார் என்பதையும் கண்டுபிடித்தார்கள்!

கட்டுக்கதை அல்ல, உண்மைச் சம்பவம். நடந்த ஆண்டு 1981. நடந்த இடம், இங்கிலாந்து நாட்டின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள செயின்ட் பீஸ் என்ற சிறிய ஊர்.

கடலோரக் கோவில்

அந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. அயர்லாந்து நாட்டில் பேகா என்று ஓர் இளவரசி இருந்தாள். மனதுக்குப் பிடிக்காத கல்யாணத்துக்கு அவளைக் கட்டாயப்படுத்தினார்கள். அவள் அரண்மனையை விட்டு வெளியேறினாள். கடலைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்து, தவ வாழ்க்கை வாழ்ந்தாள். இப்படி ஊர் மக்கள் சொல்லுவார்கள். அவள் பெயர்தான் மருவி, ஊருக்குப் பெயர் ஆயிற்று.

12-ம் நூற்றாண்டில் அங்கே துறவிகளுக்கு ஒரு மடம் கட்டினார்கள். 1539-ம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மடம் மூடப்பட்டது. துறவிகள் போய்விட்டார்கள். கோவில் மட்டும் நின்றது. அதுவே ஊர் மக்களின் மாதா கோவில் ஆயிற்று.

கோவிலின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பகுதி இடிந்து, மண் மூடிக் கிடந்தது. ஆராய்ச்சியாளர்கள் அந்த இடத்தைத்தான் தோண்டினார்கள்.

பீடத்தின் அருகே இடம்

அந்தக் காலத்தில் ஏழை ஒருவர் இறந்தால், உடலைத் துணியில் சுற்றி, கோவிலுக்கு வெளியே உள்ள தோட்டத்தில் புதைப்பார்கள். பிரபுக்களுக்கோ கோவிலுக்கு உள்ளேயே இடம்! பலிபீடத்துக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவு மதிப்பு. பக்கத்தில் நடக்கும் பூசையும் பிரார்த்தனையும் ஆன்மாவைக் கரை சேர்க்கும் என்று நம்பினார்கள்.

இதற்காகத் தரைக்குக் கீழே கல்லால் நிலவறை கட்டுவார்கள். பெட்டியை அதற்குள் இறக்குவார்கள். மேலே சில சமயம் கல்லில் ஒரு சிலையும் வைப்பார்கள். கவசம் அணிந்து, வாளோடு, மல்லாந்து படுத்திருக்கும் வீரனின் சிலை அது. இப்படிப்பட்ட சிலைகளை இங்கிலாந்தின் கிராமக் கோவில்களில் இன்றும் பார்க்கலாம்.

சில சிலைகள் கால் மேல் கால் போட்டிருக்கும். "இவர் சிலுவைப் போருக்குப் போனவர், அதுதான் அடையாளம்" என்று மக்கள் சொல்லுவது உண்டு. அது சரி அல்ல. சிலுவைப் போருக்கே போகாதவர்களின் சிலைகளும் அப்படி இருக்கின்றன. அது அந்தக் காலத்துச் சிற்பிகள் பின்பற்றிய பாணி, அவ்வளவுதான்.

செயின்ட் பீஸில் கிடைத்தது சிலை அல்ல. ஆளே கிடைத்தார்!

நிலவறையில் இருவர்

மண்ணை அகற்றியதும் கல் நிலவறை ஒன்று தெரிந்தது. அதற்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெண். அவருடைய எலும்புகள் மட்டுமே மிஞ்சி இருந்தன. இன்னொருவரின் உடல் ஈயத் தகட்டினால் முழுவதும் மூடப்பட்டு இருந்தது.

ஈயத்தைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு பிரேதத் துணிகள் சுற்றப்பட்டு இருந்தன. அந்தத் துணிகளில் பிசின் போன்ற ஒரு பொருளைத் தோய்த்து இருந்தார்கள். துணியையும் விலக்கினார்கள். பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள்!

உள்ளே இருந்தது எலும்புக்கூடு அல்ல. ஒரு முழு மனிதர்! தோல் இருந்தது. விரல்களில் நகம் இருந்தது. அவர் கடைசியாகச் சாப்பிட்ட உணவுகூட வயிற்றில் மிச்சம் இருந்தது.

இன்னொரு பொருளும் கிடைத்தது. அது ஒரு பெண்ணின் தலைமுடிக் கற்றை. அவருடைய பிரிவைத் தாங்காத ஒருத்தி, தன் கூந்தலில் இருந்து வெட்டி அவரோடு வைத்து அனுப்பி இருக்கலாம்.

டாக்டர்கள் சொன்னது என்ன?

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நேற்று இறந்தவருக்குச் செய்வதுபோலப் பிரேத பரிசோதனை நடந்தது.

அவருக்கு வயது 35-க்கு மேல் 45-க்குள் இருக்கும். அவர் நோயில் இறக்கவில்லை. பலத்த அடிபட்டு இறந்திருக்கிறார். தாடை எலும்பு முறிந்து இருந்தது. விலா எலும்பும் முறிந்து, நெஞ்சுக்குள் காயம். அதனால் நுரையீரலைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொண்டு இருந்தது. அதுவே உயிரைப் பறித்திருக்கிறது.

உடல் ஏன் கெடவில்லை? உடல் அழுகுவதற்குக் காற்றும் ஈரமும் வேண்டும். பிசின் தோய்த்த துணியும், அதற்கு மேல் ஈயத் தகடும் இரண்டையும் உள்ளே விடவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அப்படி ஈயக் காப்பு இல்லை. எனவே, ஒரே நிலவறையில் ஒருவர் முழு உடலாகவும், ஒருவர் வெறும் எலும்பாகவும் இருந்தார்கள்.

யார் அவர்?

பெட்டியில் பெயர் இல்லை. ஆகவே "செயின்ட் பீஸ் மனிதர்" என்றே அவரைக் குறிப்பிட்டார்கள்.

ஈயம் விலை உயர்ந்தது. இடமோ பலிபீடம் இருந்த பகுதி. ஆகவே அவர் பெரிய பிரபு என்பது தெரிந்தது. பிறகு பழைய ஆவணங்களையும் அந்தப் பகுதிப் பிரபு குடும்பங்களின் வரலாற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். அடிபட்டு இறந்தவர், நடுத்தர வயது, பெரிய குடும்பம்... எல்லாம் ஒருவரிடம் பொருந்தி வந்தன. அவர்தான் அந்தோணி டி லூசி என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

பக்கத்தில் இருந்த எக்ரிமான்ட் கோட்டை லூசி குடும்பத்துக்குச் சொந்தம். 1365-ல் தந்தை தாமஸ் இறந்தார். அந்தோணி பட்டத்துக்கு வந்தார். ஆனால் அவர் பிரபுவாக இருந்தது மூன்றே ஆண்டுகள்தான்.

தூர தேசத்தில் மரணம்

அந்த நாளில் ஐரோப்பாவில் கிறிஸ்தவ மதத்துக்கு மாறாத கடைசி நாடு லிதுவேனியா. அதன் மீது ஜெர்மானிய வீரத் துறவிகளின் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் படை எடுத்தது. "இதுவும் சிலுவைப் போர்தான்; போனால் புண்ணியம், புகழ்" என்று பல நாட்டுப் பிரபுக்களும் அதில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தோணியும் போனார்.

1368-ம் ஆண்டு. கவுனாஸ் என்ற இடத்தில் போர். அங்கே அந்தோணி உயிர் இழந்தார். ஊரில் அவருக்குக் கைக்குழந்தையாய் ஒரு பெண் இருந்தாள். அந்தக் குழந்தையும் அடுத்த ஆண்டே இறந்துவிட்டது.

கவுனாசுக்கும் செயின்ட் பீஸுக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேல் தூரம். நடுவே கடல் வேறு. தூர தேசத்தில் இறக்கும் பிரபுக்களின் உடலை, முன்பு கொதிக்கும் நீரில் வேகவைத்து, எலும்பை மட்டும் ஊருக்கு எடுத்து வருவார்கள். கேட்கவே பயங்கரமாக இருக்கிறது, அல்லவா? 1299-ல் போப்பாண்டவர் எட்டாம் போனிபேஸ் இந்த வழக்கத்துக்குத் தடை விதித்தார். அந்தோணியின் உடல் முழுதாகவே ஊர் வந்து சேர்ந்தது. துணியும், பிசினும், ஈயமும் எதற்காக என்பது இப்போது புரிகிறது. அந்த நீண்ட பயணத்துக்குத்தான்!

பக்கத்தில் இருந்த பெண்

அப்படியானால் அந்தப் பெண் யார்? அவர் அந்தோணியின் கூடப்பிறந்த மோட் என்பதே பெரும்பாலான கருத்து.

அந்தோணியும் அவர் குழந்தையும் இறந்த பிறகு, லூசி குடும்பத்துச் சொத்து முழுவதும் மோட் கைக்கு வந்தது. அவருடைய முதல் கணவர் ஆங்கஸ் பிரபு 1381-ல் இறந்தார். பிறகு நார்தம்பர்லாந்து பிரபு ஹென்றி பெர்சியை மறுமணம் செய்துகொண்டார். பெர்சி, மன்னர்களையே ஆட்டிவைத்த செல்வாக்கு உள்ளவர்.

மோட் தமது சொத்தைப் பெர்சி குடும்பத்துக்குக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை! லூசி குடும்பத்தின் சின்னம் மூன்று மீன்கள். அந்த மீன்களைப் பெர்சி குடும்பமும் தன் சின்னத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெர்சி ஒப்புக்கொண்டார். வாரிசு இல்லாமல் அழிய இருந்த குடும்பப் பெயரை ஒரு பெண் இப்படிக் காப்பாற்றினார்.

1398-ல் மோட் இறந்தார். இவ்வளவு பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டவருக்கு எங்கே வேண்டுமானாலும் கல்லறை கட்டி இருக்கலாம். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு முன் போரில் மாண்ட சகோதரனின் நிலவறைதான் திறக்கப்பட்டது. இரண்டாவது ஆளுக்கு இடம் வேண்டும் என்று அதைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். பிறந்த வீட்டு மண்ணில், உடன்பிறந்தவரின் பக்கத்தில் அவரை வைத்தார்கள்.

இப்போது என்ன இருக்கிறது?

பரிசோதனை முடிந்த பிறகு, அந்த வீரரின் உடலை மரியாதையோடு மீண்டும் செயின்ட் பீஸ் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். அவரைச் சுற்றி இருந்த துணியை மட்டும் கோவிலில் காட்சிக்கு வைத்தார்கள். ஆயிரம் மைல் தாண்டி அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த துணி அது!