வீட்டின் பின்புறம் ஒரு மௌனத் தொழிற்சாலை

ரஹாங் போன்ற பழைய குடியிருப்புகளில், பொதுக் கழிவுநீர்க் குழாயோடு இணையாத வீட்டுக்குச் செப்டிக் தொட்டியே துணை. அதற்குள் கழிவு மூன்றாகப் பிரிகிறது: சகதி அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் வெளியேறும். பிராணவாயு இன்றி வாழும் பாக்டீரியாக்கள் சகதியைச் சிதைக்கின்றன. ஆனால், முழுவதையும் அவற்றால் கரைக்க முடியாது.

சகதி உயர உயர, நீர் தங்கித் தெளியும் நேரம் குறைகிறது. தெளியாத நீர் கால்வாய் வழியே, சிரம்பான் வட்டாரத்து நீரைச் சுமந்து செல்லும் லிங்கி ஆற்றைச் சேரலாம். கிருமிகளும் உடன் செல்லும். ஆகவே, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியை வரவழைத்துச் சகதியை உறிஞ்சி எடுப்பது அவசியம். குளோரின் திரவத்தை அளவின்றி ஊற்றினால் பாக்டீரியாக்கள் மடியும்.

மாணவர்களே, மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் முதலில் மோப்ப உணர்வை மரக்கச் செய்யும். பிறகு உயிரையே பறிக்கும்.