பனியில் வேட்டைக்காரர்கள்

மூத்த பீட்டர் புரூகல், 1565
ஓக் மரப்பலகையில் எண்ணெய் வண்ணம், 117 × 162 செ.மீ.
கலை வரலாற்று அருங்காட்சியகம், வியன்னா

ஆண்ட்வெர்ப் நகர வணிகர் நிக்லாஸ் யோங்கெலிங்குக்காகத் தீட்டப்பட்டு, ஆண்டின் பருவங்களைக் காட்டும் வரிசையில் இன்று எஞ்சியுள்ள ஐந்து ஓவியங்களுள் ஒன்றான இது, சமவெளி நாடான நெதர்லாந்தின் குளிர்கால ஊரையும், 1550-களில் இத்தாலிப் பயணத்தின்போது புரூகல் கடந்த ஆல்ப்ஸ் மலைகளையும் ஒரே காட்சியில் இணைக்கிறது.

தொலைவு கூடக் கூட, இடையிலுள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால், பொருள்களின் நிறம் வெளிறுவதும் ஒளிக்கும் நிழலுக்குமான வேறுபாடு மங்குவதும் இயல்பு; இவ்விளைவை வண்ணங்களின் வழியே காட்டித் தட்டையான பரப்பில் ஆழத்தைத் தோற்றுவிக்கும் முறை ‘வளிமண்டலத் தொலைவுக்காட்சி’ எனப்படும். முன்புறத்தில் ஒற்றை நரியைச் சுமந்து திரும்பும் வேட்டைக்காரர்களும், தளர்ந்த நாய்களும், இலையுதிர்ந்த மரங்களும் வெண்பனியின்மீது கரும்பழுப்பில் அழுத்தமாக நிற்க, சரிவில் இறங்கும் மரவரிசை பார்வையைக் கீழேயுள்ள உறைந்த குளங்களுக்கு அழைத்துச் செல்கிறது. அவற்றுக்கும் அப்பால் எழும் சிகரங்கள் வெளிறிய சாம்பல் நிறத்தில் வானத்தை நெருங்குகின்றன. பனிக்கட்டியிலும் வானத்திலும் பரவிய அதே சாம்பற்பச்சை நிறம், அருகையும் தொலைவையும் ஒரே குளிருக்குள் கொண்டுவருவதே இவ்வோவியத்தின் பெருஞ்சாதனை.