தொரட்டிக்கு எதற்குப் பூண்?

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் பறிக்கும் தொரட்டியைக் கிட்டத்தில் பாருங்கள். அரிவாளின் வால் மூங்கிலுக்குள் இறங்கும் இடத்தில் ஓர் இரும்பு வளையம் இருந்தால், அதுதான் பூண். உலக்கைப் பூணுக்குப் பங்காளி.

மூங்கில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நீளத்துக்கு இழுத்தால் தாங்கும். உள்ளிருந்து நெம்பினால் பிளந்துவிடும். குலையை வெட்டி இழுக்கும்போது அரிவாளின் வால் ஆப்புப் போல நெம்புகிறது. அந்தத் தள்ளலைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிப்பது வளையம். ஜப்பானியரின் நாகினாட்டா என்ற நீள்கோல் ஆயுதத்திலும் வளையத்துக்கு இதே வேலைதான்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவார்கள்; குளிர்ந்ததும் சுருங்கிக் கவ்வும். சின்னப் பூணில் அந்த வித்தை அவ்வளவு எடுபடாது. 40 மி.மீ. வளையம் 500 டிகிரி சூடேறினாலும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான் விரியும். மூங்கிலும் கருகும்.

செலவில்லாத வழி: துத்தநாகம் பூசிய பழைய ஜி.ஐ. குழாயில் இரண்டு விரற்கடை அறுத்து, உள்விளிம்பை அரத்தால் ராவி, லேசாகக் கூம்பச் சீவிய கோலில் தட்டி இறக்குங்கள். அதைக் காய்ச்ச மட்டும் வேண்டாம், துத்தநாகப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

சித்திரை வெயிலில் மூங்கில் காய்ந்து சுருங்கும், பூண் ஆடும். தோப்புக்குள் போகுமுன் அசைத்துப் பாருங்கள், மேலே மின்கம்பி போகிறதா என்றும்.